காத்திருந்தவள் கல்

என் மனைவி கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போகட்டும், ஊர் உலகத்தில் நடக்காததா? ஆனால் எதற்குக் கோபம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். அன்று காலை நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். பெட்டியும் கையுமாக வந்து நின்று, "நான் அம்மா வீட்டுக்குப் போறேன்" என்றாள். வாயில் நுரையோடு, "எப்போ வருவே?" என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "என்ன செஞ்சோம்னு உங்களுக்காத் தோணட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினாள். நான் வாயைக் கொப்பளித்துக்கொண்டு வாசலுக்கு ஓடி வருவதற்குள் பஸ் போயே போய்விட்டது.

என்ன செய்தேன்? சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வேலைதான். இந்தக் கடலோரத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்டி. ஒரு முனையில் பழைய கலங்கரை விளக்கம், அங்கே அவள். மறுமுனையில் பாதி இடிந்த கோட்டை, அங்கே நான். நடுவில் கரையை ஒட்டி நடைபாதை. வழியில் ஒரு கடல் குகை, கூரை போன உப்புக் கிடங்கு, பறவைகள் வந்து அடையும் பாறை. வருகிறவர்கள் கலங்கரை விளக்கத்தில் ஆரம்பித்து, அவள் சொல்வதைக் கேட்டுவிட்டு, பராக்குப் பார்த்துக்கொண்டே நடந்து கோட்டைக்கு வருவார்கள். மீதியை நான் சொல்வேன். அதற்குள் காலில் தெம்பு போயிருக்கும். கோட்டை வாசலிலேயே பஸ் ஏறிவிடுவார்கள், திரும்பி நடப்பவர் யாருமில்லை.

அவள் சொல்வதையும் நான் சொல்வதையும் ஒரே வேலை என்று சொல்வதுகூடத் தப்பு. கலங்கரை விளக்கத்தைப் பற்றி அவள் நாலு வாக்கியம் பேசுவாள். என்றைக்குக் கட்டினது, என்ன எண்ணெய் எரித்தார்கள், என்றைக்கு அணைந்தது, படியில் பார்த்து ஏறுங்கள். முடிந்தது. நான் அப்படியில்லை. ஒரு பீரங்கியைக் காட்டினேன் என்றால் அதைச் சுட்டவனுக்குப் பல்வலி இருந்தது வரைக்கும் சொல்வேன். எனக்கு 'ரேடியோ' என்று பட்டப்பெயர். வைத்தது யாரென்று நினைக்கிறீர்கள்? கோட்டையில் சீட்டு கிழிக்கும் என் மச்சினன்தான். சொந்தத் தம்பியை அக்கா கண்டிக்க வேண்டாமா? அவள் சிரித்தாள்.

அவள் போன பிறகு நான் உட்கார்ந்து யோசித்தேன். கூடத்து ஃபேன் ரொம்ப நாளாகக் கரகரவென்று கத்துகிறது, சரி பண்ணுகிறேன் என்று சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டேன். அதுவா? அவள் அம்மாவுக்குக் கண்ணில் ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரி பெஞ்சில் நான் குறட்டை விட்டுத் தூங்கினேன். அதுவா? அதெல்லாம் பழைய கணக்கு. புதிதாக நடந்தது ஒன்றே ஒன்றுதான், அதுவும் நல்ல காரியம். கோட்டைக்குக் கீழே இருக்கும் கல்லுக்குச் சுற்றுலாத் துறைக்காரர்கள் பெயர்ப்பலகை வைத்தார்கள். 'காத்திருந்தவள் கல்' என்று பெரிய எழுத்து. சுற்றி இரும்பு வேலி, ஒரு சின்னக் கதவு, பூட்டு. எல்லாம் நான் சொன்ன கதையால் வந்தது. பலகை வைத்த மறுநாள்தான் அவள் பெட்டியைத் தூக்கினாள். கலங்கரை விளக்கத்துக்குப் பெயின்ட் அடிக்கச் சொல்லி அவள் எத்தனையோ முறை எழுதிப் போட்டும் துறை திரும்பிப் பார்க்கவில்லை, என் கல்லுக்கு மட்டும் பலகை வந்துவிட்டதே என்று வயிற்றெரிச்சலோ? அப்படிக்கூட நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

அந்தக் கல்லின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் எங்களுக்கு ஒரு குழந்தை பிறப்பதாக இருந்தது. தொட்டில் வரைக்கும் வாங்கியாகிவிட்டது. ஏழாம் மாதத்தில் இல்லாமல் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து அவள் வந்த அன்றைக்கே தொட்டிலைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு, அவளைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். வந்தவன் போனவன் கதையெல்லாம் சொன்னேன். குழந்தையைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. திறந்து என்ன ஆகப்போகிறது, புண்ணைக் கிளறுவதுதானே என்று விட்டுவிட்டேன்.

பிறகு அவள் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். எங்கள் வீடு கோட்டைக்குப் பின்னால் இருக்கும் குடியிருப்பில். சாயங்காலம் கலங்கரை விளக்கத்தைப் பூட்டிவிட்டு நடைபாதை வழியாகவே வீட்டுக்கு வருவாள். வருகிறவள் நேரே மேலே ஏறி வராமல் அந்தக் கல்லில் உட்கார்ந்துவிடுவாள். அந்த நேரத்தில் கோட்டை மதிலில் எனக்கு நல்ல கூட்டம் இருக்கும், சூரியன் மறைவதைப் பார்க்க வருகிறவர்கள். மேலிருந்து பார்த்தால் எதிர் வெயிலில் அவள் சின்னதாக, வெறும் நிழலாகத் தெரிவாள். ஒருநாள் ஒரு அம்மா கேட்டார்கள்: "யாருங்க அது, தனியா உட்கார்ந்திருக்கறது?"

என் மனைவி என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு என்ன பதில் சொல்வது? நாக்கு சும்மா இருக்கவில்லை. "அந்தக் கல்லுக்கு ஒரு கதை இருக்குங்க" என்று ஆரம்பித்துவிட்டேன். அந்தக் காலத்தில் ஒரு படகுக்காரன், அவன் பெண்டாட்டி, கடலுக்குப் போனவன் திரும்பவில்லை, அவள் தினமும் சாயங்காலம் அந்தக் கல்லில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக் காத்திருந்தாள், இன்றைக்கும் மனசு கனத்துப்போன பெண்கள் அங்கே வந்து உட்கார்வார்கள் என்று அளந்துவிட்டேன். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அது போதாதா எனக்கு? மறுநாள் கதையில் ஒரு புயல் வந்தது. அதற்கடுத்த நாள் ஒரு கிழிந்த பாய்மரம் வந்தது. ஜனங்கள் இறங்கிப் போய்க் கல்லின்மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். துறை அதிகாரி ஒருவர் கேட்டுவிட்டு அசந்துபோனார். பலகை வந்தது, வேலி வந்தது.

இப்போது படிக்கிற உங்களுக்கு எல்லாம் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. அதுதான் கொடுமை.

அவள் போய்ச் சில நாள் கழித்து, கழுத்தில் பைனாகுலர் மாட்டிய ஒருவர் கோட்டைக்கு வந்தார். நான் கல்லின் கதையை முடித்ததும் கையைத் தூக்கினார். "அந்தப் பொண்ணு எந்தப் பக்கம் பாத்து உட்கார்ந்திருந்தா?"

"கடலைப் பாத்துதான் சார். பின்ன என்ன, பஸ் ஸ்டாண்டையா பாப்பா?"

எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று வந்தது. பெண் அதே கேள்வியைக் கேட்டாள். அதற்கு அடுத்த நாள் ஒரு கல்லூரிக் கூட்டம். கடைசி வரிசையில் இருந்து ஒருத்தன், "அவங்க எந்தப் பக்கம் பாத்து…" என்று ஆரம்பித்ததும் எனக்குச் சுருக்கென்றது.

"தம்பி, யார் உன்னைக் கேக்கச் சொன்னது?"

"கலங்கரை விளக்கத்துல இருக்கற மேடம்தான். கோட்டையில உள்ளவர்கிட்ட மறக்காமக் கேளுங்க, அவருக்குத்தான் தெரியும்னாங்க."

அம்மா வீட்டிலிருந்தே அவள் வேலைக்கு வந்துபோய்க்கொண்டிருந்தாள். நான் திரும்பி, அதே வீட்டில் இருக்கும் மச்சினனைப் பார்த்தேன். அவன் சீட்டுக் கட்டை எண்ணுவதுபோலக் குனிந்துகொண்டான்.

"டேய், உங்க அக்காவுக்கு என்ன வேணும்? கல்லு எந்தப் பக்கம் பாத்தா அவளுக்கென்ன?"

"மாமா, அக்கா சும்மா ஒண்ணைக் கேக்க மாட்டா."

"அப்போ பதிலை நீயே சொல்லேன்."

"நான் சீட்டு கிழிக்கறவன். என்னை ஏன் இழுக்கறீங்க?"

தினமும் அந்தக் கேள்வி வந்துகொண்டே இருந்தது. ஆட்கள் மாறினார்கள், கேள்வி மாறவில்லை. நானும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். தென்மேற்குப் பக்கம் என்றேன். படகு போன திசை என்றேன். ஒருநாள் எரிச்சலில், "கண்ணை மூடிக்கிட்டு உட்கார்ந்திருந்தா" என்றேன். எதைச் சொல்லி என்ன? கேள்வி கொண்டுவந்தவர்கள் கேட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போனார்கள். மச்சினனோ தூது போக மாட்டேன் என்றுவிட்டான், என் பதிலை அவளிடம் கொண்டுபோக ஆளில்லை. தேர்வு எழுதித் தாளைக் கடலில் போடுகிற மாதிரி இருந்தது.

ஒரு விடுமுறை நாளில் துணிந்து மாமியார் வீட்டுக்கே போனேன். கதவைத் திறந்த மாமியார், "வாங்க மாப்பிள்ளை" என்றார்கள். உள்ளே வரச் சொன்னார்கள், காப்பி கொடுத்தார்கள், எல்லாம் குறையில்லை. "அவ எங்கே அத்தை?" என்றேன். "தூங்கறா." நட்ட நடு மதியம், உள் அறையில் தையல் மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. தூக்கத்தில் தைக்கிறாளா? நான் சத்தமாகவே, "நான் என்னதான் பண்ணினேன்னு சொல்லச் சொல்லுங்க அத்தை, கால்ல வேணா விழறேன்" என்றேன். மிஷின் நின்றது. அவள் கதவருகே வந்து நின்றாள். இளைத்திருந்தாள்.

"கேள்வி வந்துதா?" என்றாள்.

"வந்துது. கடல் பக்கம். எத்தனை தடவை சொல்றது?"

"நீங்க எப்பவாவது அந்தக் கல்லுல உட்கார்ந்திருக்கீங்களா?"

"எனக்கு உட்கார எங்கே நேரம்? அதோட இப்போ வேலி வேற போட்டாச்சு."

"ஆமா, போட்டாச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. வருகிற வழியெல்லாம் பஸ்ஸில் அவள் சொன்ன அந்த 'ஆமா'வைப் போட்டுக் குழப்பிக்கொண்டேன். கோபமாகச் சொன்னாளா, அழுகையாகச் சொன்னாளா, அதுகூடப் பிடிபடவில்லை.

அதற்குள் பருவம் மாறிவிட்டது. இந்தக் கடலில் ஒரு வழக்கம் உண்டு. காற்று திரும்பினால் காலை நேரத்தில் குகைப் பக்கம் பாதையில் அலை ஏறிவிடும், மத்தியானத்துக்கு மேல்தான் வடியும். அதனால் அந்தப் பருவம் முழுக்க நடையைத் திருப்பிப் போட்டுவிடுவோம். ஜனங்கள் காலையில் கோட்டையில் ஆரம்பிப்பார்கள். நான் கதை சொல்லி, கல் வரைக்கும் கூடப்போய் விட்டுவிட்டு வருவேன். அவர்கள் நிதானமாக நடந்து, அலை வடிந்த பிறகு குகையைத் தாண்டி, வெயில் தாழ்வதற்குள் கலங்கரை விளக்கத்தை அடைவார்கள்.

ஆக இப்போது ஆட்கள் என்னிடமிருந்து அவளிடம் போகிறார்கள். பதில் அனுப்ப வழி கிடைத்துவிட்டது. ஆனால் சரியான பதில் என்ன என்று தெரிந்தால்தானே அனுப்புவதற்கு? முதலில் ஃபேனைச் சரி பண்ணினேன். கண்ணாடி போட்ட ஒரு பெரியவரிடம், "கலங்கரை விளக்கத்து மேடம்கிட்ட, வீட்டு ஃபேன் இப்போ சத்தமில்லாமச் சுத்துதுன்னு சொல்லிடுங்க சார்" என்று சொல்லி அனுப்பினேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் மச்சினன் சேதி கொண்டுவந்தான்.

"சொன்னாராம் மாமா."

"அதுக்கு அவ என்ன சொன்னா?"

"சுத்தட்டும்னா."

அடுத்து ஒரு குடும்பத்திடம், ஆஸ்பத்திரியில் தூங்கினதற்கு மன்னிப்பு என்று சொல்லி அனுப்பினேன். அதைக் கேட்டு மாமியார்தான் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். அவள் சிரிக்கவில்லையாம்.

நிஜமாகவே பயம் வந்தது அப்போதுதான். வீட்டில் ராத்திரி சாப்பிட்ட தட்டைக் கழுவிவைத்துவிட்டு நிற்பேன். பேச ஆளிருக்காது. ஃபேன் வேறு சத்தமில்லாமல் சுற்றும், அந்தக் கரகரப்பாவது துணைக்கு இருந்திருக்கலாம். அவள் வரவே மாட்டாளோ என்று தோன்றும். எதற்கு வரவில்லை என்று தெரியாமலே மீதிக் காலத்தைத் தள்ள வேண்டியதுதானோ?

ஒரு காலை, கூட்டத்தில் முட்டிவலியோடு ஒரு அம்மா வந்திருந்தார்கள். தடியை ஊன்றிக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் ஒரு "அப்பாடா". கல்லுக்கு வந்து சேர்ந்ததும் நான் வழக்கம்போல் கல்லுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு கதையைத் தொடங்கினேன். அந்த அம்மா குறுக்கே பேசினார்கள்.

"கதை கிடக்கட்டும் தம்பி. செத்த நேரம் இதுல உட்கார்ந்துக்கறேன், கதவைத் திறந்து விடு."

"உட்காரக் கூடாதும்மா. துறை உத்தரவு."

"கல்லுல உட்காரக் கூடாதுன்னு ஒரு உத்தரவா? நான் என்ன தலையில தூக்கிட்டா போகப் போறேன்? கடலைப் பாத்துக்கிட்டு ரெண்டு நிமிஷம் உட்கார்ந்தா கால் வலி அடங்கும்."

பெருக்குவதற்காகச் சாவி என்னிடம் இருந்தது. திறந்துவிட்டேன். அந்த அம்மா கல்லைச் சுற்றி வந்தார்கள். கடலைப் பார்த்து உட்காரப் போனார்கள், முடியவில்லை. இன்னொரு பக்கம் போய்ப் பார்த்தார்கள், அங்கேயும் முடியவில்லை. கடல் பக்கம் கல் செங்குத்தாக எழும்பி நிற்கிறது, மார்பு உயரத்துக்கு. உட்காரத் தோதாகத் தேய்ந்திருக்கிற பள்ளம் இந்தப் பக்கம்தான்.

"என்ன தம்பி இது, நாற்காலியைத் திருப்பிப் போட்ட மாதிரி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே பள்ளத்தில் உட்கார்ந்து சாய்ந்துகொண்டார்கள். "இங்கேருந்து கடலே தெரியலையே. உன் கோட்டைதான் தெரியுது. நல்லாத்தான் இருக்கு. அந்த மதில் மூலையில நின்னுதானே நீ பேசறது? நீ கையை ஆட்டினா இங்கேருந்து அப்படியே தெரியும் போலிருக்கே."

நான் திரும்பி அந்த மதில் மூலையைப் பார்த்தேன். கூட்டம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த அம்மா எழுந்த பிறகு நான் போய் அந்த இடத்தில் உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால் கல். கல்லுக்குப் பின்னால் கடல், வெறும் சத்தமாக மட்டும். கண்ணுக்கு நேரே கோட்டை மதில். நான் நிற்கிற மூலை. அதற்குப் பக்கத்தில், மதில் இடிந்த இடைவெளியில், எங்கள் வீட்டின் நீலத் தண்ணீர்த் தொட்டியும் சமையலறை ஜன்னலும். அவள் இங்கே உட்கார்ந்து கடலையே பார்த்ததில்லை. பார்க்கவும் முடியாது. சாயங்காலம் சாயங்காலம் அவள் பார்த்துக்கொண்டிருந்தது என்னை. நான் மதிலில் நின்று கையை ஆட்டி ஆட்டிப் பேசுவதையும், கூட்டம் சிரிப்பதையும், கூட்டம் அவள் பக்கம் திரும்பிப் பார்ப்பதையும். நான் ஒருநாளாவது இறங்கி வந்து பக்கத்தில் உட்காருவேன் என்று இருந்திருக்கிறாள். நான் அவள் காத்திருந்ததைக் கதையாக்கிச் சீட்டு வாங்கினவர்களுக்கெல்லாம் சொன்னேன். கடைசியில் அவள் உட்காரவும் முடியாமல் வேலி போட வைத்தேன்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. அத்தனை பேருக்கு முன்னால் மூக்கைச் சிந்தினேன். அவர்கள் அதையும் கதையில் ஒரு பகுதி என்று நினைத்தார்களோ என்னவோ, ஒருவர் படம் எடுத்தார்.

அந்த அம்மாவின் தடியை எடுத்துக் கொடுத்தேன். "அம்மா, கலங்கரை விளக்கத்துல ஒரு மேடம் இருப்பாங்க. அவங்ககிட்ட 'கோட்டைப் பக்கம்'னு சொல்லிடுங்க."

"கோட்டைப் பக்கம். அவ்வளவுதானா? வேற ஒண்ணும் இல்லையா?"

"அவ்வளவுதாம்மா. அதுக்கு மேல நான் பேசினா கதையாயிடும்."

நேரிலேயே போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனால் பேசிவிடுவேன். என் வாயின்மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

அன்றிலிருந்து வேலிக் கதவை நான் பூட்டவில்லை. மச்சினன், "துறைக்குத் தெரிஞ்சா உங்களுக்குச் சீட்டு கிழிஞ்சிடும் மாமா" என்று பதறினான். பலகையைக் காட்டி யாராவது கேட்டால், "அது நானாக் கட்டிவிட்டதுங்க, நம்பாதீங்க" என்றேன். சிலர் ஏமாந்துபோனார்கள், ஒருவர் கோபித்துக்கொண்டார். கலங்கரை விளக்கத்திலிருந்து மட்டும் எந்தச் சேதியும் இல்லை. மச்சினனைப் பிடித்துக் குடைந்தேன்.

"அந்த அம்மா சொன்னாங்களா, இல்லையா?"

"சொன்னாங்களாம்."

"அதுக்கு உங்க அக்கா?"

"ஒண்ணும் சொல்லலை."

"அழுதாளா? கோபப்பட்டாளா?"

"சாப்பிட்டா, தையல் மிஷினுக்கு எண்ணெய் போட்டா, படுத்துட்டா."

இதை என்னவென்று எடுத்துக்கொள்வது? பதில் சரியா, தப்பா? சரிதான், ஆனால் காலம் கடந்துவிட்டதா? பரணிலிருந்து தொட்டிலை இறக்கித் துடைத்தேன். பிறகு ஏன் இறக்கினேன் என்று தெரியாமல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மறுபடி ஏற்றவும் மனம் வரவில்லை. கூடத்தில் ஒரு ஓரமாகவே விட்டுவிட்டேன்.

ஒரு சாயங்காலம் மதிலில் நல்ல கூட்டம். வானம் சிவந்துகொண்டிருந்தது. பீரங்கிக்காரனின் பல்வலிக்கு வந்திருந்தேன். தோளில் பிள்ளையைத் தூக்கி வைத்திருந்த ஒருவர் கீழே கையைக் காட்டினார்.

"யாருங்க அது, அந்த வேலிக்குள்ள உட்கார்ந்திருக்கறது?"

குனிந்து பார்த்தேன். கல்லில் சின்னதாக ஒரு உருவம். மடியில் பை.

கூட்டம் முழுக்க என் பக்கம் திரும்பியது. மச்சினன் சீட்டு கிழிப்பதை நிறுத்திவிட்டான்.

"ஏதாவது கதை இருக்கா அதுக்கு?" என்றார் அவர்.

"கதை இல்லைங்க" என்றேன். "அது என் வீட்டுக்காரி. எங்களுக்கு ஒரு குழந்தை பிறக்க இருந்துது, பிறக்கலை. நான் போகணும்."

பீரங்கியையும் பல்வலியையும் அந்தரத்தில் விட்டுவிட்டு இறங்கினேன். படிகள் செங்குத்து, பார்த்து இறங்குங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிற எனக்கே ஒரு இடத்தில் வழுக்கியது. போய் என்ன பேசுவது என்று தெரியவில்லை. திட்டுவாளா, அப்படியே எழுந்து திரும்பிப் போய்விடுவாளா, அதுவும் தெரியவில்லை. நான் வருவது மட்டும் அவளுக்கு முதல் படியிலிருந்தே தெரிந்திருக்கும். அவள் இந்தப் பக்கம் பார்த்துத்தானே உட்கார்ந்திருக்கிறாள்.